பழனிச்சாமி கொண்டுவந்த பெட்டி

சந்திரன் அந்தச் சட்டத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். அதற்குப் பிறகு அவன் அசையவில்லை.

என் கையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ராணித் தேனீயைக் கண்டுபிடிக்கும் போட்டி அது. பெட்டியைத் திறந்து, உள்ளே தொங்கும் மரச்சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, மொய்த்துக் கிடக்கும் தேனீக்களுக்கு நடுவே ராணியைக் காட்ட வேண்டும். யார் சீக்கிரம் காட்டுகிறார்களோ அவர்களுக்குப் பரிசு. அந்த நேரத்தில் யாரும் மூச்சுவிடக்கூட நிற்க மாட்டார்கள். சந்திரனோ ஒரே சட்டத்தைப் பார்த்தபடி நின்றான்.

சுற்றி நின்றவர்கள் கேலி செய்தார்கள். ராணி குளிக்கப் போயிருக்கிறாளா என்று யாரோ கேட்டார்கள். அவன் காதில் எதுவும் விழவில்லை. குனிந்து, கீழே கிடந்த மெல்லிய குச்சி ஒன்றை எடுத்து, தேனடையின் ஓர் அறைக்குள் விட்டு, எதையோ மெதுவாக வெளியே இழுத்தான்.

"சிஸ்டர், கொஞ்சம் இங்க வாங்க."

போனேன். குச்சியின் நுனியில் ஒரு புழு தொங்கியது. நல்ல புழு பால்போல் வெளுத்து, அறைக்குள் சுருண்டு கிடக்கும். இது விறைத்து நீண்டு, மஞ்சள் பாரித்து, அடியில் நீர் கோத்த சிறிய பைபோல ஆடியது. அடையில் பார்த்தேன். அறைக்கு அறை அப்படித்தான். மூடி போடப்படாத அறைகளில் செத்த புழுக்கள் தலையைத் தூக்கிக்கொண்டு கிடந்தன.

பெட்டியின் மேல் சாக்பீஸால் எழுதியிருந்த பெயரை இருவரும் ஒரே சமயத்தில் பார்த்தோம். பழனிச்சாமி.

கொத்தமல்லியும் தேனீயும்

தொடரை இடையிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தே எனக்கு வயதாகிவிட்டது. ஓய்வு பெற்று அருவங்காட்டில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தபோது, நாள் முழுவதும் என்ன செய்வது என்று தெரியவில்லை. காய்ச்சல் இல்லாத வீடு எனக்குப் பழக்கமில்லை.

குன்னூர் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தார் பழனிச்சாமி அண்ணன். அவருடைய அப்பா சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வந்தவர். மகன் கடை முதலாளி ஆனார். பெரிய குரல். பீன்ஸ் நிறுத்துக்கொண்டே தேனீயைப் பற்றிப் பேசுவார். கேட்கிறவருக்குப் பிடிக்கிறதா என்று பார்ப்பதில்லை.

"ஏனுங்க சிஸ்டர், ஊட்ல சும்மாதான இருக்கறீங்க? ஒரு பெட்டி கொண்டாந்து வெக்கறேன். புடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துருங்க" என்றார் ஒரு நாள். சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் பெட்டியோடு வந்து இறங்கினார். காலில் செருப்பில்லை, முகத்தில் வலையில்லை. கொத்தமல்லிக் கட்டு ஒன்றும் கொண்டுவந்திருந்தார்.

நான் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. ஒன்று மூன்றானது, பிறகு இன்னும் கூடியது. எங்கள் சங்கத்தில் பாதிப்பேர் இப்படி அவரிடம் முதல் பெட்டி வாங்கியவர்கள்தான். சேரங்கோட்டில் தேயிலைத் தோட்டத் தொழிலாளியாக இருக்கும் சந்திரனும் அப்படித்தான். அவனுடைய அப்பா அம்மா இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள். ஒரு பெட்டியில் தொடங்கியவன் எங்கள் எல்லோரையும்விட அதிகப் பெட்டிகள் வைத்திருந்தான். லீவு நாள் முழுவதும் அவற்றோடுதான். பழனிச்சாமி அண்ணன் பெயரைச் சொன்னாலே மரியாதையில் அவன் குரல் தணியும்.

வர்க்கியும் தேநீரும்

பனி விட்டு வெயில் ஏறத் தொடங்கும் காலத்தில், வருடம் ஒருமுறை கூடுவோம். கோத்தகிரி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு ஹட்டியில், படகர் ஊரில், சிறிய பள்ளிக்கூடம். ஓய்வு பெற்ற ஆசிரியர் போஜன் மாஸ்டர்தான் சங்கத் தலைவர். அவருடைய ஊர் அது. மைதானத்தின் ஓரத்தில் சில்வர் ஓக் மரங்கள். அவற்றின் கீழே ஆளுக்கொரு பெட்டியாகக் கொண்டுவந்து வரிசையாக வைப்போம்.

காலையில் புதியவர்களுக்குப் பாடம். நடுவில் தேநீரும் வர்க்கியும். மதியம் அவரைக்குழம்புச் சோறு. பிறகு போட்டிகள். எந்தத் தேன் எந்தப் பூவிலிருந்து வந்தது என்று நாக்கில் வைத்துச் சொல்ல வேண்டும். நாவல் தேன் கொஞ்சம் கசக்கும், சுலபம். கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸ் தேனில்தான் எல்லோரும் ஏமாறுவோம். கடைசியில் ராணியைத் தேடும் போட்டி. யார் எந்தப் பெட்டியைத் திறப்பது என்று சீட்டுப் போட்டு எடுப்போம்.

அந்தக் காலை பழனிச்சாமி அண்ணன் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினார். புதியவர்கள் முன்னால் தன் பெட்டியைத் திறந்து, ஓரத்துச் சட்டம் ஒன்றை உருவி, எடை தெரியட்டும் என்று கைக்குக் கை கொடுத்தார். தேன் நிறைந்து மூடிய நல்ல அடை. எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். நானும் தொட்டேன். பிறகு அதே கைகளோடு ஒவ்வொருவரும் அவரவர் பெட்டிக்குப் போனோம். போட்டி தொடங்கியதும், சட்டங்களை நெம்பி எடுக்கும் ஒரே கத்தி பெட்டிக்குப் பெட்டி மாறியது.

ஓரத்துச் சட்டங்களில் தேன் மட்டும்தான், புழுக்கள் வளர்வது நடுச் சட்டங்களில். ஓரத்துச் சட்டத்தை மட்டும்தான் அவர் எடுத்தார் என்பது மத்தியானம்தான் எனக்கு உறைத்தது.

மூடி வைத்த இருமல்

கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் நான் சேர்ந்த புதிதில், எஸ்டேட் லைனில் தொழிலாளர்களை வேலை வாங்கும் மேஸ்திரி ஒருவர் இருந்தார். கிருதா வைத்துக்கொண்டு, சட்டை கசங்காமல் நடப்பார். அவருக்குக் காசநோய் வந்தது. கைக்குட்டையில் இருமி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி இருந்த பக்கமே வரவில்லை.

லைனில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். ஒரு வீட்டு இருமல் அடுத்த வீட்டில் கேட்கும். ஆனாலும் அவரைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை, அவர் மேஸ்திரி. கடைசியில் தூக்கிக்கொண்டு வந்தபோது, அவர் வீட்டிலேயே இன்னும் இரண்டு பேருக்கு மருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஏன் முன்பே வரவில்லை என்று டாக்டர் கோபமாகக் கேட்டார். அந்த மனிதர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவருடைய மனைவிதான் என்னிடம் தனியாகச் சொன்னாள்: அவரைக் கண்டால் எல்லோரும் எழுந்து நிற்பார்களே, அது நின்றுபோய்விடும் என்று பயந்தாராம்.

வெட்டிய அடை

போஜன் மாஸ்டர் சட்டத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். புழுநோயா என்று தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டார். நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அது ஒரு வைரஸ். மனிதருக்கு ஒன்றும் செய்யாது. பெட்டியில் வளரும் புழுக்களைக் கொல்லும். மருந்து கிடையாது. கையோடும் கத்தியோடும் தேனீயோடும் பக்கத்துப் பெட்டிக்குப் போகும்.

"குளிருங்க மாஸ்டர்" என்றார் பழனிச்சாமி அண்ணன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்திருந்தார். "போன வாரம் பனி கொட்டுச்சுல்லீங்க. அதுல செத்திருக்கும்."

கடும் பனியில் புழு சாவது உண்டு. அவர் சொன்னதை நம்ப எல்லோருக்கும் ஆசையாக இருந்தது. சிலர் தலையாட்டக்கூடச் செய்தார்கள்.

சந்திரன் சட்டத்தை மாஸ்டரிடமிருந்து வாங்கித் திருப்பினான். தேனீக்களை வாயால் ஊதி விலக்கினான். அடையின் கீழ்ப்பகுதி கத்தியால் நேர்க்கோடாக வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய விளிம்பில் தேனீக்கள் வெள்ளை மெழுகால் புதிதாகக் கட்டத் தொடங்கியிருந்தன.

"அண்ணே, இத எப்ப வெட்டுனீங்க?"

பழனிச்சாமி அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். கையில் ஒன்றுமில்லை. மறுபடி துடைத்தார்.

சமையல் பாத்திரங்களின் பக்கம் அவருடைய மனைவி தங்கமணி அக்கா கரண்டியோடு நின்றிருந்தார். ஒவ்வொரு வருடமும் எங்களுக்குச் சோறு போடுகிறவர். அங்கிருந்தே சொன்னார்.

"சொல்லிப்போடுங்க. எத்தன நாளைக்கி இப்படியே தூங்காம கெடப்பீங்க?"

அக்காவே கிட்டே வந்து, எங்களில் யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார். வீட்டிலிருக்கும் எல்லாப் பெட்டியிலும் நோய் வந்துவிட்டது. இது ஒன்றில்தான் கொஞ்சமாக இருந்தது. அதையும் வெட்டி எடுத்துவிட்டார்; பிறகு பார்த்தபோது சுத்தமாக இருந்ததாம். தப்பித்துவிட்டது என்று நினைத்துத்தான் கொண்டுவந்தார்.

"தெரிஞ்சேதான் கொண்டாந்தீங்களா?" சந்திரன் குரலை உயர்த்தவில்லை.

"வராம இருந்தா ஏன் வரலைன்னு கேப்பீங்க. வெறுங்கையோட வந்தா பெட்டி எங்கீன்னு கேப்பீங்க" என்றார் பழனிச்சாமி அண்ணன். "நான் என்னன்னு சொல்றது, சந்திரா?"

பிறகு ஆளாளுக்குத் தங்கள் பெட்டியை நோக்கி நடந்தார்கள். முதலில் நடை, பிறகு கிட்டத்தட்ட ஓட்டம்.

கரடி வரும் என்றார்கள்

நான் குறுக்கே நின்றேன். பெட்டிகளை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, எல்லாம் இங்கேயே கொஞ்ச நாள் இருக்கட்டும், எதில் நோய் இருக்கிறது என்று தெரிந்த பிறகு எடுத்துப் போகலாம் என்று சொன்னேன். வீட்டில் இருக்கும் மற்ற பெட்டிகளையாவது காப்பாற்றலாமே. ஆஸ்பத்திரியில் தனி வார்டு வைப்பது அதற்குத்தானே.

யாருக்கும் அது புரியாமல் இல்லை. மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கும், பிள்ளைகளைத் தேனீ கொட்டினால் யார் பொறுப்பு என்றார் ஒருவர். ராத்திரி கரடி வரும், ஒரு பெட்டி மிஞ்சாது என்றார் இன்னொருவர். இரண்டும் உண்மைதான். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பெட்டிகளின் வாசலை அடைத்து, கயிறு கட்டி, ஜீப்பில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். பரிசாகக் கொடுக்க வைத்திருந்த எவர்சில்வர் டப்பாக்கள் மேசையில் அப்படியே இருந்தன. சோறு பாதிக்கு மேல் மிச்சம்.

பழனிச்சாமி அண்ணனின் பெட்டியை எரிப்பது என்று முடிவானது. முடிவெடுக்க யாரும் கூடிப் பேசவில்லை. மாஸ்டர் ஒரு கேனில் மண்ணெண்ணெய் கொண்டுவரச் சொன்னார், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், தேயிலைச் சரிவுக்கு மேலே ஒரு கல்லின்மீது பெட்டியை வைத்தார்கள். வாசலைக் களிமண்ணால் அடைத்தார்கள். நானே பண்ணுறேன் என்று பழனிச்சாமி அண்ணன் கேனை வாங்கினார். அவரால் மூடியைத் திருகித் திறக்க முடியவில்லை. சந்திரன் வாங்கித் திறந்து, ஊற்றி, தீக்குச்சியைக் கிழித்தான்.

உள்ளே இருந்து வந்த இரைச்சலை நான் எழுதப்போவதில்லை. அதிக நேரம் கேட்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன். பிறகு மெழுகு உருகி எரிந்தது. கோயில் கர்ப்பக்கிரகத்தில் வருவது போன்ற வாசனை.

சாயங்காலமாகவில்லை, நல்ல வெயில். அதனால் பூவுக்குப் போயிருந்த தேனீக்கள் திரும்பி வந்தபடி இருந்தன. காலில் மஞ்சள் மகரந்தத்தோடு மரத்தடிக்கு வந்து, பெட்டி இருந்த இடத்தில் சுற்றிச் சுற்றிப் பறந்தன. தரையில் பெட்டியின் கால்கள் அழுத்திய குழிகள் இருந்தன. அவற்றில் இறங்கி உட்கார்ந்தன. நாங்கள் கிளம்பும்போதும் வந்துகொண்டுதான் இருந்தன.

ஒவ்வொன்றாக

பிறகு வந்த வாரங்களில் செல்போனை எடுக்கவே பயமாக இருந்தது. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் ஒருவர் ஒரு படம் போட்டார்: பெட்டி வாசலில் செத்த புழுக்கள். அடுத்த நாள் இன்னொரு படம். அந்த வாரத்திலேயே பழனிச்சாமி அண்ணன் குழுவிலிருந்து விலகினார்.

என் வீட்டில் காலையில் தேநீரோடு போய்ப் பார்த்தபோது, ஒரு தேனீ தன்னைவிடக் கனமான செத்த புழுவை வாசல்வரை இழுத்து வந்து கீழே தள்ளிவிட்டு, மறுபடி உள்ளே போனது. இன்னொன்று வந்தது. வீட்டைச் சுத்தம் செய்கிற மாதிரிதான் இருந்தது. சில நாட்களில் மிச்சமிருந்த தேனீக்கள் ராணியோடு பறந்து போய்விட்டன. பெட்டியைத் தட்டினேன், மரச் சத்தம் மட்டும் வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாப் பெட்டியும் அப்படியே.

சந்திரனுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று மாஸ்டர் சொன்னார்.

பிறகு வேறொரு பேச்சும் வந்தது. கூடலூருக்கு அந்தப் பக்கம், சந்திரனின் ஊர் வட்டாரத்தில், முன்பே நோய் பரவியிருந்தது, சந்திரனின் பெட்டிகளுக்கு அங்கிருந்தே வந்திருக்கலாம், யாரிடமிருந்து யாருக்கு என்று யாராலும் சொல்ல முடியாது என்றார்கள். இதைச் சொல்லத்தான் மார்க்கெட்டுக்குப் போனேன். பழனிச்சாமி அண்ணன் எனக்குப் பீன்ஸ் நிறுத்துக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார். தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பையில் போட்டு, எப்போதும்போல் கொத்தமல்லி வைத்துக் கொடுத்தார். அந்தப் பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

சேரங்கோட்டுக்கு

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் தங்கமணி அக்கா என் வீட்டுக்கு வந்தார். கிளென்மார்கன் பக்கம் ஒரு கல்சுவர்ப் பொந்தில் இருந்த தேனீக்கூட்டத்தை அண்ணன் பிடித்து, புதுப் பெட்டியில் வைத்து வளர்த்திருக்கிறாராம். கடைக்குப் பின்னால் தனியாக. இப்போது அதைச் சந்திரனுக்குக் கொடுக்கப் போகிறேன் என்கிறாராம்.

"நீங்களும் கூடப் போயிட்டு வாங்க சிஸ்டர். அவரத் தனியா அனுப்ப எனக்குப் பயமா இருக்குதுங்க."

எதற்குப் பயம் என்று நான் கேட்கவில்லை.

விடியற்காலைப் பஸ். பெட்டியை வலை வைத்து அடைத்து, பழைய வேட்டியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். ஊட்டி தாண்டி, கூடலூரில் பஸ் மாறி, பந்தலூர் வளைவுகளில் ஏறி இறங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். வழி முழுவதும் உள்ளிருந்து மெல்லிய ரீங்காரம் வந்துகொண்டிருந்தது. வண்டியின் சத்தத்தில் கண்டக்டருக்குக் கேட்கவில்லை.

சந்திரன் எங்களை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தான். அவனுடைய அம்மா லயத்துக்கு இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்களே என்று சொல்லிப் பிளேன்டீ கொடுத்தார். இலங்கையை விட்டு வந்து எத்தனையோ காலமாகியும் அவருக்கு லைன் வீடு லயம்தான். பின்பக்கம் கூரைக்கடியில் காலிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒன்றில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

பழனிச்சாமி அண்ணன் வேட்டியை அவிழ்த்துப் பெட்டியை அவன் முன்னால் வைத்தார். காட்டுக் கூட்டம், நல்ல பலம், இதுவரைக்கும் நோய் இல்லை என்றார். என்னை மன்னித்துவிடு என்று சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் வந்திருந்தார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சந்திரன் வலையில் காதை வைத்துக் கேட்டான். ஒரு கணம் அவன் முகம் பழையபடி ஆனது. பிறகு எழுந்து, வேட்டியை எடுத்து, பெட்டியைச் சுற்றிக் கட்டினான்.

"கொண்டு போயிருங்கண்ணே. நல்ல கூட்டமாத்தான் இருக்கும். ஆனா நான் தெனமும் தொறந்து தொறந்து பாத்துக்கிட்டே இருப்பேன்."

பஸ் ஏற்றிவிட அவனும் வந்தான். பெட்டியை அவன்தான் தூக்கி வந்தான். ஜன்னல் வழியாக அண்ணன் மடியில் வைத்தான். பஸ் நகரும்வரை நின்றான்.

என் வீட்டு வாசலில்

நடுவட்டம் தாண்டினோம். அவன் என்னைத் திட்டியிருக்கலாம் என்றார் அண்ணன். அருவங்காட்டில் நான் இறங்கும்போது அவரும் கூடவே இறங்கினார். இருட்ட இன்னும் நேரம் இருந்தது. மேற்கு வெயில் வாசலில் விழுந்தது. என் காலிப் பெட்டிகள் இருந்த மேடையைப் பார்த்தார்.

"நீங்க வெச்சுக்குங்க சிஸ்டர்."

எனக்கு ஆசையாக இருந்தது. அந்த இரைச்சல் இல்லாத காலைகள் எனக்குப் பழகவே இல்லை. வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஒரு தடவை தொறந்து பாத்துக்கட்டுங்களா?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் நான் என்ன கேட்டேன் என்பது புரிந்தது. அவர் முகத்தைப் பார்க்காமலிருக்க முயன்றேன். அவர் குனிந்து முடிச்சை அவிழ்த்தார். மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தார். எனக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றார்.

ஒவ்வொரு சட்டமாக எடுத்து வெயிலில் பார்த்தேன். புழுக்கள் வெளேரென்று சுருண்டு கிடந்தன. மூடிய அறைகள் ஒரே சீராக இருந்தன. எங்கும் ஒரு குறை இல்லை. கடைசிச் சட்டத்தையும் பார்த்து உள்ளே வைத்தேன்.

"ஒண்ணும் இல்லீங்கண்ணா. சுத்தமா இருக்குது."

அவர் பக்கத்தில் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டார்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன்."

"அன்னைக்கும் எனக்குச் சுத்தமாத்தான் தெரிஞ்சுது" என்றார். "இன்னொருக்கா பாத்துருங்க, சிஸ்டர்."

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் மறுபடியும் முதல் சட்டத்தை எடுத்தேன்.